அடுக்களை வழியாகப் போகும் ஆறு அங்குலக் குழாய்

காலை மணி ஒன்பதே முக்கால், வீடு பார்க்க வந்தவர்களில் நீங்கள் ஏழாவது ஆள், என் பெயர் ஆவுடையப்பன். உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம். அது நான் செய்தது, ஒரு கால் இன்னும் சரி பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் உட்காருங்கள், இது கடையில் வாங்கியது.

வாடகைக்கு விடுவது இந்தக் கீழ் வீடுதான். ஹால், இரண்டு படுக்கையறை, அடுக்களை, பின்னால் கிணறு. வாடகை, அட்வான்ஸ் பேச்செல்லாம் வடிவு வந்து பேசுவாள். வடிவு என் மனைவி. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு அவள் பேரில். மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறாள், முடிந்ததும் இறங்கி வருவாள். அதுவரைக்கும் குழாயைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். முன்னால் வந்த ஆறு பேரும் குழாயைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். ஏன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

மேலே பார்க்காதீர்கள், விழாது. ஆறு அங்குலம், பி.வி.சி., கனத்த ரகம். கார் ஷெட்டில் ஆரம்பித்து, இந்த ஹால் சுவரோரமாக வந்து, அதோ அந்த ஓட்டை வழியாக அடுக்களைக்குள் போய், பின்வாசலில் இறங்குகிறது. கழிவுநீர்க் குழாயா என்று கேட்டீர்கள். பரவாயில்லை, தெரியாமல் கேட்டதுதானே. அது தூசிக் குழாய். மரத்தூசி.

நான் முப்பத்திநாலு வருஷம் குடிநீர்க் குழாய் போடுகிற வேலையில் இருந்தவன். இந்த ஜில்லாவில் நான் குழாய் போடாத ஊர் குறைவு. ரிட்டயர் ஆனதும் மரவேலை கற்றுக்கொண்டேன். எங்களிடம் கார் கிடையாது, கார் ஷெட் மட்டும் உண்டு. அதில் ஒரு வட்ட ரம்பம், ஒரு இழைப்பு மெஷின், ஒரு தேய்ப்பு மெஷின் வாங்கிப் போட்டேன். முதலில் ஒரு மணைப்பலகை. அடுத்தது அந்த நாற்காலி. மூன்றாவது ஒன்று செய்வதற்குள் வடிவு தும்ம ஆரம்பித்துவிட்டாள்.

ஷெட்டின் தூசி ஹால் ஜன்னல் வழியாக வந்து அடுக்களையில் படிகிறதாம். சீனி டப்பாவில் தூசி. உலர்த்திய தட்டில் தூசி. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தேன். "சாம்பார்ல தேக்கு வாசம் வருதா?" என்று கேட்டாள். மோந்து பார்த்தேன். "தேக்கு இல்ல, வேங்கை" என்றேன். நான் சரியாகத்தான் சொன்னேன். அதற்கு ஏன் கோபம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

தும்மல் அவளோடு நின்றிருந்தால் குடும்ப விஷயம். எதிர்வீட்டு மாணிக்கவாசகம் வக்கீல் குமாஸ்தா. காலையில் கோர்ட்டுக்குப் புறப்பட்டு வாசலில் கால் வைப்பார், இவள் இங்கே தும்முவாள். அவர் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்படுவார். மறுபடியும் தும்முவாள். பஸ் போய்விடும். கடைசியில் ஒருநாள் என்னிடமே வந்துவிட்டார். "அண்ணாச்சி, மதினியை ஒண்ணுக்கு ரெண்டாத் தும்மச் சொல்லுங்க. ஒத்தத் தும்மல்தான் ஆகாது." இதை அவளிடம் போய்ச் சொன்னேன். அதிலும் ஏதோ தவறு இருந்திருக்கிறது.

மாடி அப்போது காலியாகக் கிடந்தது. வடிவு ஒரு பாயும் தையல் மெஷினும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். படியில் நின்று சொன்னாள்: "உங்களையும் மரத்தையும் நான் ஒண்ணும் சொல்லல. அடுக்களையில ஒரு பொட்டுத் தூசி இல்லாம ஆக்குங்க. அன்னைக்கு இறங்கி வாரேன். அதுவரைக்கும் நீங்க கீழ, நான் மேல."

சண்டையெல்லாம் இல்லை, தம்பி. மூன்று வேளைச் சாப்பாடும் தூக்குவாளியில் போட்டு, நைலான் கயிற்றில் கட்டி, பால்கனியில் இருந்து இறக்கிவிடுவாள். நான் கழுவிக் கட்டிவிடுவேன். ரசம் மட்டும் கொஞ்சம் சிந்தும். ஆனாலும் மனைவி மாடியில் இருக்க, மனுஷன் கீழே தனியாகச் சாப்பிடுவது ஒரு மாதிரிதான். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். தனிமை தெரியாமல் இருக்க அந்தப் பெண்களை வரவழைத்து வகுப்பு எடுக்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொள்வேன். சீக்கிரம் தூசியை ஒழித்து இவளைக் கீழே கொண்டுவர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேலை.

ஜன்னலைச் சாத்தினால் போதாதா என்று கேட்கப் போகிறீர்கள். வடிவும் கேட்டாள். அது தற்காலிக ஏற்பாடு. நான் தற்காலிக ஏற்பாடு செய்து பழகியவன் இல்லை.

தூசியை உறிஞ்சும் மோட்டாரைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். அதற்குத் துணிப்பை ஒன்று வேண்டும். தூசி பையில் தங்கும், காற்று மட்டும் வெளியே போகும். பையை வடிவே தைத்துக் கொடுத்தாள், இரட்டைத் தையல் போட்டு. மோட்டாரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மொட்டை மாடியில் வைத்தேன். ஏன் ஷெட்டிலேயே, ரம்பத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியைக் குழாயடியிலேயே யாராவது கட்டுவார்களா? உயரத்தில் இருக்க வேண்டும். பிரதானக் குழாய் ஒன்று, அதிலிருந்து மெஷினுக்கு மெஷின் இணைப்பு, இணைப்புக்கு ஒரு வால்வு. எந்த மெஷின் ஓடுகிறதோ அதன் வால்வை மட்டும் திறக்க வேண்டும். நான் ஊர் ஊராக நாலு நாளைக்கு ஒரு தெரு என்று தண்ணீர் திறந்துவிட்டவன், எனக்கு இது கைவந்த வேலை.

குழாய் மாட்ட பால்துரை வந்தான். என்னோடு பல காலம் வேலை பார்த்த பிளம்பர். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஷெட்டில் இருந்து அடுக்களை வரைக்கும் ஒரே சீரான சரிவு கொடுத்தோம். அடுக்களையில்தான் தாழ்ந்த இடம்; அங்கிருந்து செங்குத்தாக மொட்டை மாடிக்கு ஏற்றம்.

"சார், தூசி இறங்கி வந்து, பெறவு ஏறணுமா?" என்றான்.

"மோட்டார் எதுக்கு இருக்கு?"

"சார் சொன்னா சரி" என்று பசையைத் தடவிவிட்டான். ஒவ்வொரு மூட்டிலும் அரை டப்பா பசை. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் குழாயைக் கழற்ற முடியாது. அறுக்க வேண்டும், அறுத்தால் சுவரும் கூட வரும். வாடகைக்கு வருகிறவர்கள் குழாயோடுதான் இருக்க வேண்டும். துணி காயப்போடலாம், ஆட்சேபணை இல்லை.

தாழ்ந்த இடத்தில் கழிவு வால்வு வைக்க வேண்டும், தெரியுமா? குழாய்க்குள் சேறு தங்கினால் திறந்து வெளியேற்ற. எந்த லைனிலும் அது உண்டு. இங்கே தாழ்ந்த இடம் அடுக்களை மேடைக்கு நேர் மேலே வந்தது. அடுப்புக்கு மேலே. அது நான் தேர்ந்தெடுத்த இடம் இல்லை, சரிவு தேர்ந்தெடுத்த இடம்.

அடுத்தது கசிவுச் சோதனை. குழாய் என்றால் தண்ணீர் விட்டுச் சோதிக்காமல் நான் ஒப்புக்கொண்டது கிடையாது. கிணற்று மோட்டாரைப் போட்டு லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி அப்படியே வைத்தோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பால்துரை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் கழிவு வால்வைத் திறந்து வடித்தோம். வடிவு பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"தூசிக்குக் குழாய்ன்னு சொன்னீய?"

"ஆமா."

"தண்ணி ஓடுது?"

"சோதனை."

உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தூக்குவாளியில் மோர்க்குழம்பு வந்தது. அவளுக்கு உள்ளூர சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளோட்டம் மறுநாள். அங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல். ஓட்டிப் பார்க்கத் தூசி வேண்டும். நான் ஐந்தாறு மாதமாகக் குழாய் வேலையில் இருந்ததால் ஷெட்டில் தூசியே இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மரம் அறுத்துத் தூசி உண்டாக்கலாம், ஆனால் லைன் ஒப்படைக்கும் முன்னால் உபயோகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. எனவே மர மில்லுக்குப் போய் இரண்டு மூட்டை மரத்தூள் கேட்டேன்.

மில்காரர் கேட்டார்: "கோழிப் பண்ணைக்கா, அடுப்புக்கா?"

"தூசி சேக்குற லைனுக்கு. ஓட்டிப் பாக்க."

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இங்ஙன சேந்துதான் கெடக்கு. நீங்க கொண்டுபோய் எறச்சிட்டு மறுபடியும் சேக்கப் போறீயளா?"

மூட்டைக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளோட்டம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நல்ல நேரம் பார்த்து, நிலையில் மாவிலை கட்டி, மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். பால்துரை சிலுவை போட்டுக்கொண்டான். மாணிக்கவாசகமும் வந்திருந்தார், அன்றைக்குக் கோர்ட் லீவு. முக்கியமான விஷயம், வடிவு இறங்கி வந்தாள். பட்டுச்சேலை இல்லை, ஆனாலும் நல்ல சேலை. கையில் பால் பாயசம் உருளியோடு வந்து, சூடு ஆறாமல் இருக்க அடுப்பு மேல் வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். "ஓடட்டும், பாப்போம்" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மந்திரி வந்து திறந்த திட்டங்களுக்குக்கூட நான் சட்டையைத் தேய்த்துப் போட்டதில்லை, அன்றைக்குப் போட்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். மொட்டை மாடியில் மோட்டார் உறுமியது. பால்துரை ஷெட்டில் நின்று மரத்தூளை அள்ளி அள்ளிக் கொடுத்தான். அப்படியே இழுத்துக்கொண்டது. மாணிக்கவாசகம் கைதட்டினார். ஒரு மூட்டை போயிற்று. இரண்டாவது மூட்டையும் முக்கால்வாசி போயிற்று. நான் மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ப் பையைப் பார்த்தேன். பை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

விஷயம் என்னவென்றால், சோதனைத் தண்ணீர் வடிந்துவிட்டாலும் குழாயின் உள்பக்கம் ஈரம். இது மோட்டாரின் குற்றம் இல்லை, வெயில் போதாத குற்றம். தூள் அடுக்களை வரைக்கும் வந்து, ஈரத்தில் ஒட்டி, ஏற்றத்தில் ஏற மாட்டாமல் இறுகி நின்றுவிட்டது. நான் கீழே வந்து மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்தியதும், செங்குத்துக் குழாயில் காற்றின் இழுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது அத்தனையும் பொத்தென்று இறங்கியது. அந்தப் பாரம் கழிவு வால்வின் மேல். பால்துரை அரை டப்பா பசை போடாத ஒரே மூட்டு அதுதான்.

வால்வு கழன்று விழுந்தது. அதன் பின்னால், ஆறு அங்குல விட்டத்தில், நல்ல செம்மண் நிறத்தில், ஈரப்பதமாக, முழ நீளத்துக்கு ஒரு உருளை மெதுவாக இறங்கி, அடுப்பு மேடையில் வந்து நின்றது. உடையவில்லை. பாயச உருளிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. புட்டுக் குழலில் இருந்து புட்டைத் தள்ளினால் எப்படி வரும், அப்படி. பின்னாலேயே இன்னொன்று.

வடிவு அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தேங்காப்பூ எங்க?" என்றாள்.

மாணிக்கவாசகம் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். வடிவு தும்மினாள். பாயசத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். பால்துரைக்குக்கூட ஒரு டம்ளர் கிடைக்கவில்லை. சிரித்தாளா என்று கேட்கிறீர்களா? மாடியில் கதவைச் சாத்திய பிறகு நிறைய நேரம் சத்தம் கேட்டது. இருமல் என்று நினைக்கிறேன்.

நான் மனம் தளரவில்லை. கேள்வி கேட்டாள் என்றால் அக்கறை இருக்கிறது என்று பொருள். ஏற்றத்தை எடுத்தேன். மோட்டாரை மொட்டை மாடியில் இருந்து இறக்கிப் பின்வாசலில் வைத்தேன். கழிவு வால்வு இருந்த இடத்தை அடைத்தேன். பால்துரை தெரியாமல் இரண்டு பெண்டு, அதாவது வளைவுத் துண்டு, கூடுதலாகப் போட்டுப் பசையும் தடவியிருந்தான். அதை அறுத்தோம், அறுத்ததில் ஒட்டுப் போட்டோம். மழைக்காலம் வந்தது, காய விட்டோம். இப்படியாக ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கடைசியில் லைன் வேலை செய்தது. வேலை செய்தது என்றால், வால்வுப் பக்கம் கைக்குட்டையை நீட்டினால் கையில் இருக்காது. பின்வாசல் பையில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மூக்குக்கண்ணாடித் துணி, ஒரு மின்கட்டண ரசீது, மாணிக்கவாசகத்தின் பூனை வாலில் கொஞ்சம் முடி, எல்லாம் அந்தப் பையில் கிடைத்தவை.

வடிவைக் கூப்பிட்டேன். வந்தாள். அடுக்களை அலமாரியில் விரலால் இழுத்துப் பார்த்தாள். சீனி டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியைத் தடவினாள். விரலைப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுத் தூசி இல்ல" என்றேன்.

"எப்படி இருக்கும்? நீங்க மரம் அறுத்து வருஷம் ஒண்ணாச்சு."

கவனித்தீர்களா? தூசி இல்லை என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். "அப்ப இறங்கி வா" என்றேன். சீனி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

"சரி. துணி வெட்ட எனக்கு ஒரு மேசை செஞ்சு தாங்க. தரையில குனிஞ்சு வெட்டி இடுப்பு போச்சு. மேசை மேல வரட்டும், நான் கீழ வாரேன்."

ஒரே வாரத்தில் செய்தேன். நல்ல வேங்கை. அறுக்க அறுக்கத் தூசி ஓடிப்போய்ப் பையில் விழுந்தது. அந்த ஏழு நாளும் அவள் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. மாணிக்கவாசகம் எல்லா நாளும் பஸ்ஸைப் பிடித்தார். மேசையைத் தூக்கிக்கொண்டு நானும் பால்துரையும் படியேறினோம். பாதிப் படி திரும்புகிற இடத்தில் மேசை திரும்பவில்லை. குழாய்க்காக இந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். படியை அளக்கவில்லை, ஏனென்றால் குழாய் படி வழியாகப் போகவில்லை.

பிரித்து எடுத்துக்கொண்டு மேலே போனோம். வடிவு ஏறிப் போன நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மாடிக்குள் காலெடுத்து வைக்கிறேன். மொட்டை மாடிக்குப் போகிற படி வெளியே இருக்கிறது, அதனால் தேவைப்படவில்லை. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல காற்று. ஜன்னலுக்கு ஜன்னல் திரை. மல்லி, புதினா தொட்டி. ஒரு பெண் எழுந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், கீழ் வீட்டு சார் வந்திருக்காரு."

நான் திருத்தவில்லை. முகவரிப்படி அது சரிதான்.

"உக்காரச் சொல்லு. காப்பி போட்டுட்டு வாரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேசையைப் பூட்டினோம். ஆடியது. மறுநாள் போய் ஒரு காலை இழைத்தேன். வேறு கால் ஆடியது. அதற்கடுத்த நாள் அதையும் இழைத்தேன். இழைப்புளிச் சுருள் எல்லாம் அவள் வீட்டுத் தரையில். வடிவு ஒரு விளக்குமாற்றை எடுத்து வந்து, கூட்டி, முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தும்மவே இல்லை. கைவேலைத் தூசி கனம், பறக்காது. இவ்வளவு காலம் என் லைனைப் பார்த்ததில் அவளுக்கும் அது விளங்கியிருக்கும்.

இப்படித் தினமும் போக வேண்டியிருந்தது. போனால் மத்தியானம் ஆகிவிடும், அங்கேயே சாப்பிட்டுவிடுவேன். ரசம் சிந்தவில்லை. மேசைக் கால் எல்லாம் சேர்ந்து நாலு விரல் குட்டையாகிவிட்டது. வடிவுக்கு அதுதான் வசதியான உயரமாம்.

ஒருநாள் கேட்டேன்: "மேசை மேல வந்தாச்சு. நீ எப்ப கீழ வார?"

துணியில் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆட்டம் நிக்கட்டும்."

"நிக்கலைன்னா?"

"நீங்க எதுக்குத் தெனம் ஏறி எறங்கி மூச்சு வாங்குதீய? கீழ் வீட்டை வாடகைக்கு விட்ருவோம். ஷெட்டு உங்களுக்கு இருக்கட்டும்."

"இன்னைக்கே துணிமணியை எடுத்துட்டு வரவா?"

"மார்கழியில யாரும் வீடு மாறுவாங்களா? தை பெறக்கட்டும்."

எனக்கு ஒரு வருத்தம் உண்டு தம்பி, மறைக்க விரும்பவில்லை. தூசி இல்லாமல் ஆக்கினால் இறங்கி வருவேன் என்றாள். ஆக்கினேன். மேசை வந்தால் இறங்கி வருவேன் என்றாள். வந்தது. இரண்டையும் அவள் நிறைவேற்றவில்லை. ஒப்பந்தப்படி பார்த்தால் வெற்றி எனக்குத்தான். பால்துரையும் அதைத்தான் சொல்கிறான்.

அடுக்களையைப் பாருங்கள், வாருங்கள். தலை இடிக்காமல் வாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது தும்மல் உண்டா?

அந்தத் தம்பி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, தை மாதம் ஐந்தாம் தேதி காலை மாடி வீட்டில் வடிவு பால் காய்ச்சினாள். நான் ஒரு பெட்டியோடு குடிபோனேன்.